ஃபெர்மியானுக்கு நிறையூட்டும் மார்க்கங்கள்

எலெக்ட்ரான், குவார்க் முதலிய ஃபெர்மியான்களுக்குக் கணித மாதிரி அமைக்கப் புகும் மாணவனுக்கு வெகு சீக்கிரத்திலேயே எதிர்ப்படும் பிரச்னை, நிறையின்றித் தொடங்கும் அத்துகள்களுக்கு நிறையை எவ்வழியில் வரவழைப்பது என்பதாகும். மார்க்கங்கள் நான்கு உண்டு. எந்தச் சமச்சீர்மையை என்ன விலை கொடுத்தேனும் காத்தாக வேண்டும் என்று முதலில் தீர்மானித்துக்கொண்டவனுக்கே அவற்றுள் ஒன்றைத் தேர்வது சாத்தியம்.

நேரடி மார்க்கம் எளியது. சுழற்சியின் திசையால் வேறுபடும் இடக்கைப் புலத்தையும் வலக்கைப் புலத்தையும் பெருக்கி, நிறை உறுப்பு ஒன்றைச் சமன்பாட்டிலேயே எழுதிவிடலாம். மின்காந்த விசை மட்டுமே உள்ள கொள்கையில் எலெக்ட்ரானின் இரு புலங்களுக்கும் மின்னூட்டம் ஒன்றே ஆதலால் இதற்குத் தடையில்லை. தடையில்லாத இடத்தில் வேறு மார்க்கம் தேடுவது வீண் பிரயாசை. நலிந்த விசையின் சமச்சீர்மையோ இடக்கைப் புலங்களை மட்டுமே மாற்றுவது. அதை மதிக்கும் சமன்பாட்டில் அவ்வுறுப்புக்கு இடமே கிடையாது.

அந்நிலையில் பெரும்பாலோர் நாடுவது, வெற்றிடமே சமச்சீர்மையை முறித்துவிடும் மார்க்கம். மீக்கடத்தலுக்கு 1957-இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் வகுத்த கொள்கையைப் பின்பற்றி, ஃபெர்மியான் ஜோடிகள் வெற்றிடத்தில் திரண்டு நிற்பதாலேயே துகள் நிறை பெறக்கூடும் என்று நம்புவும் ஜோனா-லாசீனியோவும் 1961-இல் காட்டினர். குவார்க்குகளாலான பையான் அவ்வளவு இலேசான துகளாயிருப்பது அத்தகைய முறிவின் அடையாளம். 2012-இல் கண்டறியப்பட்ட, 125 கோடியின் நூறு மடங்கு எலெக்ட்ரான்வோல்ட் நிறையுள்ள ஹிக்ஸ் போஸானும் இம்மார்க்கத்துக்குப் பரிசோதனை இட்ட முத்திரை. இயற்கையை விவரிப்பதே நோக்கமாயின் இதனையே முதலில் கைக்கொள்ளுமாறு நான் சொல்வேன்.

சமச்சீர்மை சிறிதும் முறியலாகாது என்று நிர்ப்பந்தம் இருப்பின், பிறழ்வு எனப்படும் குவான்டத் தடை பூஜ்யமா அன்றா என்று கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். பூஜ்யம் அன்றெனில், தனித்த தாழ்நிலையோடு நிறை பெறும் வழி அடைபட்டுவிடும். முப்பரிமாணத் திண்மத்தின் மேற்பரப்பு போன்ற இடங்களில் மட்டும், பின்ன மின்னூட்டத் துகள்களை உடைய டோபாலஜி ஒழுங்கு அப்பிறழ்வின் சுமையைத் தாங்கக்கூடும் என்று 2013-ஆம் ஆண்டையொட்டிய ஆய்வுகள் காட்டின. இதுவே மூன்றாம் மார்க்கம்.

பிறழ்வு பூஜ்யமெனில், நான்காவது மார்க்கத்தின் கதவு திறக்கிறது. அதன் இரகசியத்தை ஒரே ஓர் அணுத்தானத்தில் காணலாம். அங்கே நான்கு வகை ஃபெர்மியான்கள் இருக்கட்டும். ஒவ்வொன்றும் இருக்கலாம் அல்லது இல்லாதிருக்கலாம் ஆதலால் நிலைகள் மொத்தம் 16. நான்கையும் ஒருங்கே படைக்கவும் அழிக்கவும் வல்ல, U வலிமையுள்ள இடைவினை ஒன்றை நுழைத்தால், யாதுமற்ற நிலையும் நான்கும் நிறைந்த நிலையும் மட்டும் கலந்து −U, +U என இரு ஆற்றல்களாகப் பிரிய, மற்றப் பதினான்கும் பூஜ்யத்திலேயே நிற்கும். தாழ்நிலை ஒன்றே ஒன்று. அது நான்கு வகைகளையும் தமக்குள் மாற்றும் எஸ்.யு.(4) சமச்சீர்மைக்குச் சற்றும் அசையாதது. அதற்கும் அடுத்த நிலைக்கும் இடையே U அளவு இடைவெளி. ஜோடித் திரள் எங்கும் இல்லை, ஆயினும் இடைவெளி பிறந்துவிட்டது! இந்த நான்கு ஃபெர்மியான்களில் ஒவ்வொன்றையும் மயோரானா எனப்படும் இரு பாதிகளாக்கி, எட்டு மயோரானாக்களாகப் பிரித்துப் பார்த்தால், ஒரு பரிமாணச் சங்கிலியின் முனையில் எட்டு மயோரானாக்கள் சேர்ந்தால் மட்டுமே காலப் புரட்டுச் சமச்சீர்மை முறியாமல் அவை அகலும் என்று ஃபிட்கோவ்ஸ்கியும் கிடாயேவும் 2010-இல் நிறுவியதன் பொருள் விளங்கும். நான்கு மயோரானாக்களாயின் இரட்டைத் தாழ்நிலை எஞ்சிவிடும். முப்பரிமாண வெளியில் அதே பாத்திரத்தை வகிக்கும் எண் 16. வலக்கை நியூட்ரினோவையும் சேர்த்தால் ஒரு தலைமுறைத் துகள்களின் இடக்கைப் புலங்களும் பதினாறே என்பது என்னை இன்றும் வியப்பில் ஆழ்த்துகிறது.

எனினும் இம்மார்க்கம் மலிவானதன்று. வெளி இரண்டு அல்லது மூன்று பரிமாணமுடையதாயின், நலிவான நான்கு-ஃபெர்மியான் இடைவினை தாழ் ஆற்றலில் தேய்ந்து மறைந்துவிடும். ஆகவே U குறிப்பிட்ட எல்லையைக் கடந்தாக வேண்டும், அங்கே தோராயக் கணிதம் கைகொடாது. வெளியைப் புள்ளிகளாகப் பிரித்தமைத்த அணிக்கோவையில் இடக்கைத் துகளைத் தனியே வைக்க முற்பட்டால் வலக்கைத் துணை கூடவே வந்து நிற்கும் என்று நீல்சனும் நினொமியாவும் 1981-இல் நிறுவினர். அந்தத் துணையை மட்டும் இடைவினையால் கனக்கச் செய்து ஒதுக்கிவிடலாம் என்று 1986-இல் ஐக்டனும் பிரெஸ்கிலும் யோசனை கூறினர். துணையைச் சமச்சீர்மை கெடாமல் விலக்க வேண்டிய இந்தக் காரியத்துக்கே நான்காம் மார்க்கத்தை நான் மனமாரப் பரிந்துரைப்பேன். பிற காரியங்களுக்கு அதன் சிரமம் தகாது.

தேர்ந்த பின், நினைத்ததுதான் நடந்ததா என்று சோதிக்க வேண்டும். காலத்தையும் சேர்த்து முப்பரிமாண அணிக்கோவையில் வெங்கிடேஷ் ஐயரும் சைலேஷ் சந்திரசேகரனும் 2015-இல் வெளியிட்ட கணினி ஆய்வில், நிறையற்ற கட்டமும் நிறையுள்ள கட்டமும் இடையில் முறிவு ஏதுமின்றி நேரே சந்தித்தன. நாற்பரிமாணத்திலோ முறிவுற்ற குறுகிய கட்டம் ஒன்று இடையே தலைகாட்டிற்று. ஆகவே அணிக்கோவையைப் படிப்படியாகப் பெரிதாக்கி, ஜோடிகளின் தொடர்புக் கூட்டுத்தொகையைக் கவனியுங்கள்: அது கனவளவோடு கூடவே வளருமாயின் கைக்கு வந்தது இரண்டாம் மார்க்கமே, ஓரளவில் நின்றுவிட்டு, இடைவெளி மட்டும் குன்றாதிருக்குமாயின் நான்காம் மார்க்கம் கைகூடிற்று எனலாம்.