ஹோய் ஆனில் இரண்டு இரவு

வியட்நாமின் நடுக்கரையில், து போன் ஆறு கடலில் சேரும் இடத்துக்குச் சற்று உள்ளே இருக்கிறது ஹோய் ஆன். மஞ்சள் சுவர், பாசி பிடித்த ஓட்டுக்கூரை, கடைக்குக் கடை தொங்கும் பட்டு விளக்கு. பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் ஜப்பானியரும் சீனரும் வந்து தங்கி வியாபாரம் செய்த துறைமுகம் இது. பிற்பாடு முகத்துவாரம் மணல் தூர்ந்துபோக, கப்பல்கள் டா நாங்குக்கு மாறிவிட்டன. வியாபாரம் போன ஊரில் பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட யாருக்கும் அவசரம் இருக்கவில்லை. ஊர் அப்படியே மிஞ்சியது. 1999-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கூட்டமும் கூடவே வந்தது.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு கால அட்டவணை உண்டு. டா நாங்கில் தங்கியிருப்பவர்கள் மதியத்துக்கு மேல் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். விளக்கு ஏற்றியதும் படம் எடுப்பார்கள், சாப்பிடுவார்கள், ஒன்பதரை மணிவாக்கில் கிளம்பிவிடுவார்கள். அவசரமில்லாமல் பார்க்க விரும்புகிறவர் ஊரிலேயே இரண்டு இரவு தங்கி, விடியற்காலையையும் பின்னிரவையும் தனக்கென்று வைத்துக்கொள்ள வேண்டும். இனி சொல்லப்போவதெல்லாம் அதற்கான ஏற்பாடுகள்தான்.

முதலில் காலண்டர்

பிப்ரவரி பிற்பாதியிலிருந்து ஏப்ரல் வரை போவது உத்தமம். மே முதல் ஆகஸ்ட் வரை வெயிலும் புழுக்கமும் நம் அக்னி நட்சத்திரத்துக்குச் சளைத்ததல்ல. அக்டோபர், நவம்பரில் ஆறு கரை மீறி ஆற்றோரத் தெருக்களில் படகு விடும் அளவுக்கு வெள்ளம் வருவதுண்டு. டிக்கெட் மலிவு என்பதற்காக அந்த மாதங்களில் போகாதீர்கள். ஜனவரி பிற்பாதிக்கும் பிப்ரவரி மூன்றாம் வாரத்துக்கும் இடையில் வரும் டெட் புத்தாண்டு வாரமும் வேண்டாம். பல கடைகள் பூட்டிக் கிடக்கும், திறந்தவற்றில் நிற்க இடமிருக்காது.

மாதத்தை முடிவு செய்த பிறகு பௌர்ணமியைப் பாருங்கள். சந்திர மாதத்தின் 14-ஆம் இரவில் பழைய ஊரில் மின்விளக்குகளைக் குறைத்து, பட்டு விளக்குகளின் வெளிச்சத்திலேயே தெருக்களை விடுவார்கள். வீட்டுத் தினசரி காலண்டரில் பௌர்ணமிக்கு முந்தின நாளைக் குறித்தால் ஏறக்குறைய சரியாக இருக்கும். ஆனால் மாதத்திலேயே அதிக நெரிசலும் அன்றுதான். என்னைக் கேட்டால், அந்த ஒரு நாளைத் தவிர்த்து வேறு தேதி பார்ப்பேன். விளக்குகள் எல்லா இரவும் எரிகின்றன.

விசா, விமானம், நோட்டு

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இ-விசா கிடைக்கும். ஒருமுறை நுழைவுக்கு 25 டாலர். வியட்நாம் அரசின் சொந்த இணையதளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதைப் போலவே தோற்றம் காட்டும் தரகர் தளங்கள் பல, கட்டணமும் பல மடங்கு. பெயரைப் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே நிரப்புங்கள். அப்பா பெயர், இனிஷியல், காலியாக விட்ட குடும்பப் பெயர் என்று நம் பாஸ்போர்ட்டுகளில் இருக்கும் குழப்பம் ஒன்றும் அந்த அதிகாரிக்குத் தெரியாது. கிளம்புவதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.

ஹோய் ஆனில் விமான நிலையமும் கிடையாது, ரயிலும் கிடையாது. கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர் வழியாக டா நாங் போய் இறங்கி, அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் காரில் போக வேண்டும். முக்கால் மணி நேரம். கிராப் ஆப்பில் கார் பிடிக்கலாம், அல்லது தங்கும் விடுதியிலேயே சொல்லி வைக்கலாம்.

வியட்நாம் பணமான டாங்கில் சைபர்கள் அதிகம். கவனிக்க வேண்டியது நிறம். 20,000 நோட்டும் நீலம், 5,00,000 நோட்டும் நீலம். மங்கிய விளக்கில், கையில் கரும்புச்சாறோடு, இரண்டும் ஒன்றாகவே தெரியும். பெரிய நோட்டுகளைப் பர்ஸில் தனி அறையில் வையுங்கள். 20,000 நோட்டின் பின்புறத்தில் இருப்பது ஹோய் ஆனின் ஜப்பானியப் பாலம்தான்.

எங்கே தங்குவது

பழைய தெருக்களின் நடுவில் வேண்டாம். இரவுச் சத்தம் இருக்கும், பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்கவும் வேண்டும். பழைய ஊரிலிருந்து பத்து நிமிட நடையில், ஃபான் சாவ் ட்ரின் தெருவுக்கு வடக்கே குடும்பங்கள் நடத்தும் ஹோம்ஸ்டேக்கள் நிறைய. பல இடங்களில் சைக்கிளைச் சும்மாவே தருகிறார்கள். முன்பதிவு செய்யும்போது முகவரியை மட்டும் நம்பாமல் வரைபடத்தில் இடத்தைப் பாருங்கள். 2025 ஜூலையிலிருந்து ஹோய் ஆன், டா நாங் மாநகரத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. டா நாங் என்று போட்டிருக்கும் அறை ஹோய் ஆனிலும் இருக்கலாம், 30 கிலோமீட்டர் தள்ளியும் இருக்கலாம்.

மோட்டார் சைக்கிள் வாடகைக்குக் கொடுப்பார்கள், வாங்காதீர்கள். இந்தியாவில் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949 உடன்படிக்கையைச் சேர்ந்தது, வியட்நாம் ஏற்பது 1968 உடன்படிக்கை. விபத்து நேர்ந்தால் காப்பீடு கைவிட்டுவிடும். ஊர் சமதரை, சைக்கிளே தாராளம்.

முதல் மாலை

வந்து இறங்கிய அன்று எதையும் ‘பார்க்க’ வேண்டாம். ஒரே ஒரு வேலை, தையல்காரரிடம் போவது. ஹோய் ஆன் தையலுக்குப் பேர்போன ஊர். ஒரு நாளில் கோட் தைத்துக் கொடுக்கும் கடைகள் தெருவுக்குத் தெரு. ஆனால் ஒழுங்காகப் பொருந்த வேண்டுமானால் இரண்டு முறையாவது ட்ரையல் பார்க்க வேண்டும், அதற்கு முதல் மாலையே அளவு கொடுத்தால்தான் ஆகும். உங்களுக்குச் சரியாக இருக்கும் அளவுச் சட்டை ஒன்றை ஊரிலிருந்து எடுத்துப்போங்கள். வாயால் விளக்குவதைவிட அது மேல். துணியைத் தொட்டுப் பார்த்து, விலையையும் ட்ரையல் நேரத்தையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். சாலையில் வழிமறித்து ‘என் அக்கா கடை’ என்று கூட்டிப்போகிறவரின் கமிஷனும் உங்கள் சட்டையின் விலையில்தான் சேரும்.

அதன் பிறகு சாப்பாடு, ஒரு தூக்கம்கூடப் போடலாம். எட்டரைக்கு மேல் ஆற்றோரம் பாக் டாங் தெருவுக்குப் போங்கள். எதிர்க்கரையான ஆன் ஹோயில் இரவுச் சந்தையின் விளக்குக் கடைகள் இருக்கும். ஒன்பதரைக்கு மேல் கூட்டம் வடியும். மஞ்சள் சுவர்களில் விளக்கின் சிவப்பும் பச்சையும் விழுவதை அப்போதுதான் நின்று பார்க்க முடியும். ஆற்றில் காகித விளக்கு மிதக்கவிடச் சொல்லிப் பாட்டிமார்கள் கையைப் பிடிப்பார்கள். வாங்காமலும் வரலாம், அவ்வளவும் மறுநாள் ஆற்றுக் குப்பைதான்.

இரண்டாம் நாள் காலை

இந்தப் பயணத்தின் சாரம் இதுதான், ஐந்தரைக்கே எழுந்துவிடுங்கள். ட்ரான் ஃபூ தெருவின் கிழக்குக் கோடியில், ஆற்றங்கரையில் சந்தை. மீனும் கீரையும் வந்து இறங்கும் நேரம். பழைய தெருக்களில் வண்டிகளுக்குத் தடை இருப்பது காலை ஒன்பது முதல் பதினொன்று வரை, மறுபடி மூன்றிலிருந்து இரவு ஒன்பதரை வரை. அதனால் விடியற்காலையில் மொபெட்டுகள் குறுக்கே வரும். வரட்டும். ஊர் ஊராக இருப்பது அப்போதுதான்.

சந்தையிலிருந்து மேற்கே மெதுவாக நடங்கள். வாசல்களுக்கு மேலே பாருங்கள். உருண்டையாகச் செதுக்கிய இரண்டு மரக்கட்டைகள் இருக்கும். கதவின் கண்கள் என்கிறார்கள், வீட்டைக் காக்கிறவை. வழியில் கஜிமியெஷ் க்வியாத்கோவ்ஸ்கி என்ற போலந்துக் கட்டடக்கலைஞருக்கு ஒரு சிறு நினைவுச்சின்னம் உண்டு. இந்த ஊரை இடிக்காமல் காக்க வேண்டும் என்று 1980-களில் இருந்தே வற்புறுத்தி வந்தவர் அவர்.

தெருவின் முடிவில் ஜப்பானியப் பாலம். 1593-இல் கட்டத் தொடங்கியதாகச் சொல்வார்கள். ஒரு முனையில் நாய்ச் சிலைகள், மறுமுனையில் குரங்குச் சிலைகள், நடுவே கூரையோடு ஒரு சிறு கோயில். நிலநடுக்கத்தை உண்டாக்கும் பெரும் பூதம் ஒன்றுக்குத் தலை இந்தியாவில், வால் ஜப்பானில், முதுகு இங்கே. அதை அழுத்தி வைக்கவே பாலம் என்பது கதை. பழுதுபார்த்து 2024 ஆகஸ்டில் திறந்தபோது, புதுப் பெயின்ட் பளபளக்கிறது என்று வியட்நாமில் பெரிய சண்டையே நடந்தது. மழை நாலு வருஷத்தில் சரிசெய்துவிடும்.

எட்டு மணிக்கு மேல் டிக்கெட் வாங்கலாம். வெளிநாட்டவருக்கு 1,20,000 டாங். போகும் இடந்தோறும் ஒரு சீட்டைக் கிழித்துக்கொள்வார்கள். எல்லாச் சீட்டையும் தீர்த்தே ஆக வேண்டும் என்று ஓடாதீர்கள். ஒரு வீடு, ஒரு சபை மண்டபம் போதும். வீடு என்றால் டான் கீ. முன்வாசல் நுயென் தாய் ஹோக் தெருவில், பின்வாசல் ஆற்றுப் பக்கம். வெள்ளம் ஏறிய உயரங்களைச் சுவரில் குறித்து வைத்திருக்கிறார்கள். தண்ணீர் வந்தால் சரக்கை மேல்மாடிக்குக் கயிறு கட்டி ஏற்றும் திறப்பும் இருக்கிறது. மண்டபம் என்றால் ஃபூஜியன் சீனர்கள் கட்டியது. உள்ளே கடலோடிகளைக் காக்கும் தியன் ஹாவ் அம்மன். கூரையிலிருந்து தொங்கும் சுருள் ஊதுபத்திகள் வாரக்கணக்கில் எரியும், ஒவ்வொன்றிலும் வேண்டிக்கொண்டவரின் பெயர்ச்சீட்டு.

பதினொன்றுக்கு அறைக்குத் திரும்பிவிடுங்கள். மதியம் தூங்குவதற்கு.

சாப்பாடு

காவ் லாவ் இந்த ஊரின் நூடுல்ஸ். தடிமனாக, கடிபடும்படி இருக்கும், மேலே பன்றி இறைச்சியும் கீரையும். கோழி வேகவைத்த நீரில் மஞ்சள் சேர்த்து வடிக்கும் கோம் கா சோறு நம் நாக்குக்குச் சட்டென்று ஒத்துப்போகும். வெள்ளை ரோஜா என்ற கொழுக்கட்டைக்குள் இறால் இருக்கும்.

சைவர்கள் ‘சாய்’ என்று பலகை போட்ட கடையைத் தேட வேண்டும். பௌத்த சைவ உணவு அது. சாதாரணக் கடையில் ‘காய்கறி மட்டும்’ என்று கேட்டு வாங்கினாலும் மீன் சாறான நூக் மாம் சேர்ந்திருக்க வாய்ப்புண்டு. சந்திர மாதத்தின் முதல் நாளும் பௌர்ணமியும் உள்ளூர்க்காரர்களே சைவம் சாப்பிடும் நாட்கள். அன்று தெருவோரத்திலும் தாராளமாகக் கிடைக்கும்.

பிற்பகலும் கடைசிக் காலையும்

வெயில் தாழ்ந்ததும் சைக்கிளில் வடக்கே. ட்ரா கே கிராமத்தில் ஆற்றுப்பாசியை உரமாகப் போட்டு வளர்க்கும் கீரைப் பாத்திகளைப் பார்த்துக்கொண்டே வயல்வழியாக ஆன் பாங் கடற்கரைக்குப் போய்விடலாம். நாலைந்து கிலோமீட்டர்தான். போகும் முன் ட்ரையலை முடித்துவிடுங்கள்.

மூன்றாம் நாள் விமானம் மாலையில் என்றால், விடியுமுன் கார் பிடித்து மீ சோன் போய் வாருங்கள். சுமார் 40 கிலோமீட்டரில், மலை சூழ்ந்த பள்ளத்தாக்கில் சாம் இன அரசர்கள் கட்டிய சிவாலயங்கள். நான்காம் நூற்றாண்டில் பத்ரவர்மன் தொடங்கிய இடம். செங்கல்லுக்கு இடையே சாந்து கண்ணுக்குத் தெரியாது. அங்குள்ள முக்கியக் கோபுரமொன்று 1969-இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் போனது. சில கோயில் தொகுதிகளை இந்தியத் தொல்லியல் துறை சீர்செய்திருக்கிறது. 2020-இல் அந்த வேலையின்போது மணற்கல் சிவலிங்கம் ஒன்று கிடைத்தது. விமானம் காலையிலேயே என்றால் இதை விட்டுவிடுங்கள், இரண்டையும் சேர்த்து ஓடுவதில் சுகமில்லை.

விளக்கு வாங்குவதானால் பட்டும் மூங்கிலுமாக மடங்குவதைக் கேளுங்கள். குடைபோல் மடித்துப் பெட்டியில் வைக்கலாம். மிஞ்சிய டாங்கை டா நாங் விமான நிலையத்திலேயே மாற்றிவிடுங்கள். நம் ஊரில் அதை வாங்கிக்கொள்ள ஆள் தேடி அலைய வேண்டியிருக்கும்.