மண்ணுக்குள்ளே ஊசிவாய்ப் பூச்சிகள்

மூட்டைப்பூச்சி, அசுவினி, மாவுப்பூச்சி, நெற்கதிரில் பால் உறிஞ்சும் கதிர் நாவாய்ப்பூச்சி இதெல்லாம் நமக்குத் தெரியும். இவை எல்லாம் ஹெமிப்டெரா என்ற ஒரே வரிசை. இந்த வரிசையில் மண்ணுக்குள்ளே வாழ்கிற சொந்தக்காரங்களும் இருக்காங்க! அவங்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வண்டா, நாவாய்ப்பூச்சியா?
வாயைப் பாருங்க. வண்டு கடித்து மெல்லும். நாவாய்ப்பூச்சிக்கு மெல்லும் தாடை கிடையாது, ஊசி மாதிரி உறிஞ்சுகுழல் இருக்கும். அதற்குள் 4 மெல்லிய ஊசிகள். ஒரு வழியாக எச்சில் உள்ளே போகும், இன்னொரு வழியாகச் சாறு மேலே வரும். வண்டுக்குக் கூட்டுப்புழுப் பருவம் உண்டு. இதற்கு இல்லை. முட்டையிலிருந்து வரும் குஞ்சே தாய் சாயலில் இருக்கும், இறக்கை மட்டும் பிறகுதான் வளரும்.

மண்ணில் யார் யார்?
1. குழி பறிக்கும் நாவாய்ப்பூச்சி: கறுப்பு அல்லது பழுப்பு நிறம். முன்னங்கால் முள்ளோடு அகலமாக, களைக்கொத்து மாதிரி இருக்கும். வேரிலும் விதையிலும் சாறு குடிக்கும். சில இனங்களில் தாய் முட்டைகளைக் காவல் காத்து, குஞ்சுகளுக்கு விதை தேடிக் கொண்டுவந்து கொடுக்கும்.
2. ஸ்கைசோப்டெரிடே குடும்பம்: 1 முதல் 2 மில்லிமீட்டர்தான், கடுகு அளவு! ஈரமான இலைச்சருகு, பாசி, மேல்மண்ணில் இருக்கும். தொட்டால் குதிக்கும். பலவற்றுக்கு முன்இறக்கை கெட்டியாக இருப்பதால் குட்டி வண்டு என்றே நினைத்துவிடுவோம்.

செய்து பாருங்கள்
1905-ல் இத்தாலி நாட்டு பெர்லீஸ் என்பவர் இதற்கு ஒரு புனல் செய்தார். தண்ணீர் பாட்டிலின் மேல்பாகத்தை வெட்டி, தலைகீழாக அடிப்பாகத்தில் வையுங்க. தக்காளி வலைப்பைத் துண்டைப் போட்டு, அதன்மேல் சருகு வையுங்க. அடியில் ஈரத்துணி. பெரியவங்க துணையோடு ஒரு சாண் மேலே 40 வாட் குண்டு பல்பு. மேலே காயக் காய, உயிர்கள் ஈரம் தேடிக் கீழே இறங்கும். எனக்கு எறும்பு, சிவப்பு உண்ணி, துள்ளுகிற வெள்ளைப் பூச்சி கிடைத்தது. பார்த்துவிட்டுத் திரும்ப மண்ணில் விட்டுவிட்டேன்.

ஒரு வேண்டுகோள்
வேப்பமரத்தடிச் சருகைக் கூட்டி எரிக்கிறோம். அது குப்பை இல்லை, இவங்க வீடு. எரித்தால் வீடும் போகும், மண்ணுக்கு உரமும் போகும். ஒரு மூலையில் குவித்து மக்க விடலாமே!

கேள்வி: வண்ணத்துப்பூச்சியும் உறிஞ்சித்தான் குடிக்கிறது. அப்படியென்றால் அது நாவாய்ப்பூச்சியா? காரணத்தோடு எழுதி அறிவியல் ஆசிரியரிடம் கொடுங்கள்.