வெறுங்காதோடு ஆறு நிமிடம்

வீட்டுக்குப் பின்னால், தகரக் கூரைக்குக் கீழே என் பட்டறை. டேபிள் சா, மைட்டர் சா, ரௌட்டர், சாண்டர், தூசி இழுக்க ஒரு வேக்குவம். மரவேலை என் தொழில் இல்லை. ஆனால் விடுமுறை நாள் என்றால் நான் அங்கேதான் இருப்பேன். என்னைப் போல வீட்டில் மரவேலை செய்கிறவர்கள் கூடினால் விரலைப் பற்றிப் பேசுவோம், கண்ணைப் பற்றிப் பேசுவோம், இப்போது தூசியைப் பற்றியும் பேசுகிறோம். காதைப் பற்றிய பேச்சு மட்டும் எழுவதே இல்லை. விரலில் பட்டால் ரத்தம் வரும். காது பழுதாவதில் ரத்தமும் இல்லை, வலியும் இல்லை. பல வருஷம் எடுத்துக்கொண்டு மெல்ல நடக்கிற காரியம் அது.

எனக்கு இழைப்புளி பிடிக்கக் கற்றுக்கொடுத்த ஆசாரி, வயதான காலத்தில் என்னிடம் சொல்வார்: "நீ பேசுறது கேக்குது தம்பி, என்ன சொல்றேன்னுதான் வெளங்கல." மெஷின் சத்தம் காதுக்குச் செய்வது அப்படியே இதுதான். உட்காதில், நத்தை ஓடு போலச் சுருண்ட காக்லியாவுக்குள், பிறக்கும்போது ஏறக்குறைய 16,000 மயிர்செல்கள் இருக்கின்றன. பெருஞ்சத்தத்தில் முதலில் அடிபடுவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளைப் பிடிக்கும் செல்கள். பேச்சின் கனம் அதற்குக் கீழே இருக்கிறது. ச, ஸ, ஷ போன்ற ஒலிகளின் கூர்மை மேலே இருக்கிறது. அதனால்தான் குரல் கேட்டும் சொல் பிடிபடுவதில்லை. அழிந்த செல் மனிதருக்குத் திரும்ப வளர்வதில்லை. காதுக்கருவி சத்தத்தைக் கூட்டித் தரும். போன தெளிவை முழுதாக மீட்டுத் தராது.

என் பட்டறையில் எது எவ்வளவு சத்தம் போடுகிறது என்று பார்க்க, ஐபோனுக்கு அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் இலவசமாகத் தரும் ஒலி அளக்கும் செயலி போதும். போனைக் காதுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும், மெஷினுக்குப் பக்கத்தில் அல்ல. வேக்குவம் 80 முதல் 85 டெசிபல் வரை, சாண்டர் 85 முதல் 90 வரை, டேபிள் சா 95க்கு அக்கம் பக்கம். ரௌட்டரும் மைட்டர் சாவும் 100ஐத் தொடும். நம் ஊர்த் தச்சர்கள் பிளேடு மாற்றி ப்ளைவுட் அறுக்கிற மார்பிள் கட்டரும் அந்த வகைதான். செயலி இல்லாதவர்களுக்கு எளிய சோதனை ஒன்று: மூன்றடி தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால், சத்தம் 85ஐத் தாண்டியிருக்கும்.

எண்ணைவிட நேரம் முக்கியம். நியோஷ் சொல்லும் வரம்பு 85 டெசிபலில் 8 மணி நேரம். மூன்று டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது, ஆகவே நேரம் பாதியாகிறது: 88ல் 4 மணி, 91ல் 2 மணி, 94ல் 1 மணி, 97ல் அரை மணி, 100ல் 15 நிமிடம். இந்தியத் தொழிற்சாலை விதிகள் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை அனுமதிக்கின்றன. என் காதுக்கு நான் 85ஐத்தான் எல்லையாக வைத்திருக்கிறேன். சாண்டரும் வேக்குவமும் தலா 85 என்றால், இரண்டும் சேர்ந்து ஓடும்போது 88. வேக்குவத்தைச் சத்தமாகவே நாம் எண்ணுவதில்லை, காது எண்ணிக்கொள்கிறது.

பட்டறையில் நான் அதிகம் கேட்கும் வார்த்தை "ஒரு வெட்டுதானே" என்பது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரையே. முப்பது டெசிபலைத் தடுக்கும் அருமையான இயர் மஃப் ஒன்றை வாங்கிவிட்டீர்கள். ஒரு மணி நேரம் மெஷின் ஓடுகிறது. அதில் வெறும் ஆறு நிமிடம், ஒரு துண்டு அறுக்கவோ போன் பேசவோ, அதைக் கழற்றிவிட்டீர்கள். அந்த மணி நேரத்துக்குக் கிடைத்த பாதுகாப்பு 30 அல்ல, சுமார் 10. பத்தில் ஒரு பங்கு நேரம் முழுச் சத்தமும் உள்ளே போனால், மீதி நேரம் காதைச் சுவர் வைத்து அடைத்தாலும் கணக்கு அதைத் தாண்டாது. ஆகவே உயர்ந்த விலை மஃப்பைத் தேடுவதைவிட, கழற்றத் தோன்றாத ஒன்றைத் தேடுங்கள். நான் என்னுடையதை டேபிள் சாவின் சுவிட்சை மறைத்து மாட்டி வைக்கிறேன். அதை எடுக்காமல் மெஷினைப் போட முடியாது.

பெட்டியில் போட்டிருக்கும் என்.ஆர்.ஆர் எண், அதாவது எத்தனை டெசிபல் தடுக்கும் என்ற மதிப்பு, ஆய்வுக்கூடத்தில் கிடைத்தது. பட்டறைக் கணக்குக்கு அதில் 7ஐக் கழித்து மீதியைப் பாதியாக்க வேண்டும். 29 என்று போட்ட ஃபோம் இயர் பிளக் 11 டெசிபல் தரும் என்று வைத்துக்கொள்ளலாம். 100 டெசிபல் ரௌட்டர் 89 ஆகும். பிளக் மேலேயே மஃப்பும் போட்டால் இரண்டு எண்ணையும் கூட்டக் கூடாது, 5 மட்டும் சேர்க்கலாம். அப்போது 84. நீண்ட ரௌட்டர் வேலைக்கு நான் இரண்டையும் சேர்த்தே போடுகிறேன்.

பிளக்கைச் செருகுவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். சுத்தமான கையால் மெல்லிய குச்சியாக உருட்ட வேண்டும். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் துளை நேராகும். உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் தாங்கிப் பிடிக்க வேண்டும். வெளியே பாதி துருத்திக்கொண்டு நின்றால் அது போட்டதாகவே கணக்கில்லை. மரத்தூள் படிந்த விரலோடு உருட்டினால் காதில் தொற்று வரலாம். நம் வெயிலில் மஃப்புக்குள் வியர்த்து ஊறும். மதிய வேளைக்குக் கயிறு கோத்த பிளக் நல்லது. அடிக்கடி போட்டு நிறுத்துகிற வேலைக்கு மஃப். கண்ணாடி அணிகிறவர்கள் கவனிக்க: தடித்த காம்பு மஃப்பின் மெத்தையைத் தூக்கிவிடும், அந்த இடுக்கு வழியாகச் சத்தம் புகும். பாதுகாப்புக் கண்ணாடியை மெல்லிய காம்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

பஞ்சு வைப்பது வேண்டாம். அது தடுப்பது சொற்பம். சத்தம் குறைக்கும் ப்ளூடூத் இயர்போனையும் நம்ப வேண்டாம். அது விமான இரைச்சல் போன்ற தாழ்ந்த ஒலிக்குத்தான் நன்றாக வேலை செய்யும். ரௌட்டரின் கீச்சுக்கு அல்ல. அதற்குமேல் பாட்டையும் சேர்த்து வைத்தால் காதுக்கு இரட்டைச் சுமை.

சத்தத்தைப் பிறக்கும் இடத்திலேயே குறைப்பது எல்லாவற்றிலும் மேல். மழுங்கிய பிளேடு கத்தும்; சாணை பிடித்தால் வித்தியாசம் உடனே கேட்கும். பலகை அதிர அதிர அறுபடும்போது அதுவே ஒலிபெருக்கி, ஆகவே கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். பெரிய பிட்டுக்கு ரௌட்டர் வேகத்தைக் குறைக்கத்தான் வேண்டும்; அதில் சத்தமும் குறையும். வேக்குவத்தையும் கம்ப்ரசரையும் சுவருக்கு வெளியே வைத்து ஹோஸை மட்டும் உள்ளே கொண்டுவந்தேன். பட்டறைக்குச் செய்ததிலேயே பயன் மிகுந்த மாற்றம் அதுதான். இன்டக்ஷன் மோட்டார் உள்ள மெஷின், கார்பன் பிரஷ் வைத்த கை மெஷினைவிட வெகு அமைதி. விளிம்பு சீவுவது, மூலை உடைப்பது போன்ற வேலைக்கு இழைப்புளியே போதும். அதற்கு எந்த மஃப்பும் வேண்டாம். பக்கத்து வீட்டுக்கும் அது நிம்மதி. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 மணிக்கு மேல் 45 டெசிபல்தான்.

பலருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தின்னரில் இருக்கும் டொலுவீன் காதுக்கும் நஞ்சு. அந்த ஆவியும் சத்தமும் சேரும்போது கேடு கூடுகிறது. ஒரே நாளில் சாண்டர் ஓட்டிவிட்டு, மூடிய அறையில் பாலிஷ் அடிக்காதீர்கள். கதவைத் திறந்து வையுங்கள், ஆர்கானிக் ஆவிக்கான மாஸ்க் போடுங்கள்.

வேலை முடிந்ததும் காது அடைத்த மாதிரி இருக்கிறதா, "ஙொய்" என்று இரைகிறதா? மறுநாள் சரியாகிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. அன்று காது தாங்கக்கூடியதைவிட அதிகமாக வாங்கியிருக்கிறது என்று அர்த்தம். ஒரு முறை ஆடியோமெட்ரி, அதாவது கேட்கும் திறன் சோதனை, எடுத்து வையுங்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அரை மணி நேர வேலை. அதற்கு முன் 14 மணி நேரம் மெஷின் சத்தம் கேட்காமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தற்காலிக மந்தமும் அறிக்கையில் ஏறிவிடும். அறிக்கையில் 3,000, 4,000, 6,000 ஹெர்ட்ஸ் புள்ளிகளைப் பாருங்கள். அந்த இடத்தில் கோடு பள்ளமாக இறங்கி 8,000ல் திரும்ப ஏறினால், அது பெரும்பாலும் சத்தத்தின் வேலை. அறிக்கையைப் பத்திரப்படுத்தி, அடுத்த ஆண்டு எடுப்பதை அதன் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.