காவல் நாயின் பதற்றத்தைத் தணித்தலும் முதலுதவியும்

வன்னியிலும் கிழக்கிலங்கையிலும் நெற்கதிர் முற்றுங் காலத்தில், கமக்காரர் இரவெல்லாம் காவற் கொட்டிலில் விழித்திருப்பர். காட்டுப்பன்றி வரம்பைத் தாண்டுமுன் அதனை அறிவிப்பது நாயே. மரக்கறித் தோட்டத்துட் புகும் கட்டாக்காலி மாடுகளை விரட்டுதற்கும் அதுவே துணை. எனினும், மண்வெட்டியைக் கழுவித் துடைத்து வைக்கும் கமக்காரருள்ளும் நாயைக் கையாளும் முறை அறிந்தோர் சிலரே. அது அடங்காது குரைத்துப் பாயும்போது பொல்லால் அடிப்பதும், காயமுற்ற போது கையிற் கிடைத்ததைப் புண்ணிற் பூசுவதுமே பெரும்பாலும் நடைபெறுகின்றன. பதறிய நாய்க்கு எவரும் முதலுதவி செய்தல் இயலாது. நோவினால் துடிக்கும் நாய், தன்னை வளர்த்தவரையுங் கடிக்கும். ஆதலின் முதலில் அமைதி, பின்னரே மருந்து என்பது நினைவில் இருத்தல் வேண்டும்.

பதற்றமும் அதனைத் தணித்தலும்

பகல் முழுவதும் குட்டைச் சங்கிலியிற் கட்டப்பட்டு, மாலையில் அவிழ்த்து விடப்படும் நாய் கண்டபடி ஓடிப் பாய்தல் இயல்பே. இது நாயின் குற்றமன்று; கட்டிய முறையின் குற்றம். இரு மரங்களுக்கிடையே கம்பியொன்றை இழுத்துக் கட்டி, அதில் ஓடும் வளையத்திற் சங்கிலியைப் பூட்டினால், நாய் அங்குமிங்கும் நடந்து தன் வேகத்தைத் தீர்த்துக் கொள்ளும். அவ்விடத்தில் நிழலும் நீரும் இருத்தல் வேண்டும். வேலிக்கு அண்மையில் இவ்வாறு கட்டுதல் ஆகாது. வேலியைப் பாய முயலும் நாய் கழுத்து இறுகி மாண்டுபோகும்.

யானையை விரட்டக் கொளுத்தும் வெடியும், பண்டிகைக் கால வெடியும் பல நாய்களை நிலைகுலையச் செய்வன. அஞ்சி ஓடும் நாய் கட்டில்லாத கிணற்றில் வீழ்தலும் உண்டு. வெடி கொளுத்துமுன்னரே நாயை அறையொன்றில் அடைத்து விடுதல் நன்று.

பதறி நிற்கும் நாயை நோக்கிச் சத்தமிடுதல் பயனற்றது. எசமானின் உரத்த குரல், அவரும் தன்னுடன் சேர்ந்து குரைக்கின்றார் என்றே அதற்குத் தோன்றும் போலும். அதன் கண்ணை நேராக உற்றுப் பாராது, உடலைச் சற்றுப் பக்கமாகத் திருப்பி, கைகளைத் தாழ்த்தி அசையாது நிற்றல் வேண்டும். ஓடுதல் கூடாது. தாழ்ந்த குரலில் அதன் பெயரை இரண்டொரு முறை சொல்லி, அது தானாக அணுகும்வரை காத்திருக்க வேண்டும். அணுகியபின் தலைக்கு மேலாகக் கையை நீட்டாது, நெஞ்சுப் புறத்தை மெல்லத் தடவுதல் தகும். பின்னர், பதற்றத்துக்குக் காரணமானது எதுவோ அதனின்றும் அகற்றி, நிழலிற் கொண்டுபோய்ச் சிறிது சிறிதாக நீர் கொடுக்க வேண்டும். மகிழ்ச்சியால் மேலே பாயும் இளநாய்க்கு முதுகைத் திருப்பி நிற்பதே போதும். நான்கு கால்களும் நிலத்திற் பட்ட பின்னரே உணவு வைக்கும் வழக்கத்தைக் குட்டியிலிருந்தே கைக்கொண்டால், அடியின்றியே அது பழகிவிடும்.

முதலுதவி

காயமுற்ற நாயைத் தொடுமுன் அதன் வாயைக் கட்டுதல் அவசியம். நீண்ட சீலைத் துண்டொன்றிற் சுருக்கிட்டு, நாயின் பின்புறமாக நின்று மூஞ்சியின் மேல் இட்டு இறுக்கி, இரு நுனிகளையும் தாடையின் கீழ் ஒருமுறை முடிந்து, காதுகளின் பின்னே பிடரியிற் கட்ட வேண்டும். மூச்சு வாங்கும் நாய்க்கும், வாந்தியெடுக்கும் நாய்க்கும், உணர்விழந்த நாய்க்கும் வாய்க்கட்டு இடுதல் கூடாது.

குருதி பாயும் காயத்தைத் தூய சீலையால் ஐந்து நிமிடமாவது விடாது அழுத்திப் பிடித்தல் வேண்டும். இடையிடையே எடுத்துப் பார்த்தல் உறைந்த குருதியைக் கலைத்துவிடும். சீலை நனைந்தால் அதன்மேல் இன்னொன்றை வைக்க வேண்டும். சிறு காயமாயின், கொதித்தாறிய அரை லீற்றர் நீரில் ஒரு மட்டத் தேக்கரண்டி உப்பைக் கரைத்துக் கழுவுதல் போதும். பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் அகப்பட்ட நாயின் தலையைச் சாக்கால் மூடி, ஒருவர் உடலை அணைத்துக்கொள்ள, மற்றவர் கம்பியைக் குறட்டால் வெட்ட வேண்டும். சுருக்கு வயிற்றில் இறுகியிருந்தால் வெளியில் காயம் தோன்றாவிடினும் மிருக வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

புழு வைத்த புண்ணிற் பயிருக்குரிய கிருமிநாசினியை இடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. நாய் அப்புண்ணை நக்கும். நஞ்சு வயிற்றினுட் செல்லும். புழு போகும், நாயும் போகும். மருந்து தெளித்த பாத்தியில் உலாவிய நாய் வாயில் நீர் வடிந்து, உடல் துடித்து, கழிச்சலுற்றால், நஞ்சேறியதென்று கொள்ளலாம். உரோமத்திற் பட்ட நஞ்சைக் கையுறை அணிந்து சவர்க்கார நீராற் கழுவி, மருந்துப் போத்தலின் சீட்டையும் உடன்கொண்டு வைத்தியரிடம் விரைதல் வேண்டும். உப்புநீர் பருக்கி வாந்தியெடுக்கச் செய்தல் தானே ஒரு கேடாகும். மனிதருக்குரிய நோவு மாத்திரைகளும் ஆகா. பரசிற்றமோல் கூட அளவு மிஞ்சினால் நாயின் ஈரலைக் கெடுக்கும்.

வெயிலிற் பன்றியைத் துரத்திக் களைத்த நாய்க்கு வேறோர் ஆபத்து உளது. நாய்க்கு உடல் முழுவதும் வியர்ப்பதில்லை; மூச்சிரைத்தே அது சூட்டைத் தணிக்கும். அதன் இயல்பான வெப்பநிலை ஏறத்தாழ 38.5 பாகை செல்சியசு. 41 பாகையைக் கடந்தால் உயிருக்கு ஆபத்து. நாக்குச் சிவந்து, எச்சில் தடித்து, கால் தள்ளாடினால் உடனே நிழலிற் கிடத்திக் கிணற்று நீரை வயிற்றிலும் தொடையிடுக்கிலும் ஊற்றி விசிற வேண்டும். ஈரச் சாக்கால் மூடினால் சூடு உள்ளேயே தங்கிவிடும். வாயில் நீரைப் பலவந்தமாக ஊற்றுதலும் கூடாது.

பாம்பு தீண்டிய நாயின் கடிவாயைக் கீறுதல், உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல் யாவும் தீமையே விளைக்கும். அதனை நடக்க விடாது தூக்கிச் செல்லல் வேண்டும்.

விசரெனின் அணுகற்க

மேற்கூறிய பதற்றம் யாவற்றுக்கும் காரணம் ஒன்று உண்டு. அது நீங்கப் பதற்றமும் நீங்கும். காரணமின்றி நாயின் குணம் திடீரென மாறுதல் நீர்வெறுப்பு நோயின் குறியாகலாம். சாதுவான நாய் தடியையும் மண்ணையும் கடித்தல், குரைக்கும் ஒலி மாறுதல், இருளில் ஒதுங்குதல், தாடை தொங்கி எச்சில் வடிதல் ஆகியன அதன் அடையாளங்கள். தொண்டையில் எலும்பு சிக்கியதென எண்ணி வாயினுட் கைவிட்டு நோயைத் தேடிக்கொள்வோர் உளர். விசர் கொண்ட நாய் நீரைக் கண்டு அஞ்சும் என்பதும் நம்பத்தக்கதன்று. அச்சம் மனிதரிடத்தே காணப்படுவது. அத்தகைய நாய்க்கு முதலுதவி செய்ய முற்படாது, இயலுமாயின் தொலைவில் நின்றே அதனை அடைத்துவிட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்தல் வேண்டும்.

கடியுண்டவர், கீறலே ஆயினும், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசினர் வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். சுண்ணாம்பு, கோப்பித்தூள், பச்சிலை எதனையும் அப்புதல் தகாது. நோய்க்குறி தோன்றிய பின் இந்நோய்க்கு மருந்து இல்லை. தோன்றுமுன் இடும் ஊசி காக்கும். 1973 ஆம் ஆண்டில் இலங்கையில் 377 பேர் இந்நோயால் மாண்டனர். நாய்களுக்கும் கடியுண்டோருக்கும் தடுப்பூசி இடும் வழக்கம் பரவிய பின்னர் அத்தொகை பெரிதும் குறைந்தது. ஆகவே காவல் நாய்க்கு ஆண்டுதோறும் ஊசி இடுவித்து அதன் அட்டையைப் பேணி வைத்தல் வேண்டும்.

கடித்த நாயைக் கொன்றுவிடாது 14 நாட்கள் கட்டிவைத்து அவதானிக்க வேண்டும்; ஊசிக்கு அந்நாட்கள் முடியும்வரை காத்திராது, வைத்தியர் சொற்படி நடத்தல் வேண்டும். அதற்கிடையில் நாய் இறந்தால் புதைக்குமுன் பரிசோதகருக்கு அறிவித்தல் அவசியம். தலையைப் பனிக்கட்டியிட்டுக் கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையம் போன்ற ஆய்வுகூடமொன்றுக்கு அனுப்பும் ஒழுங்கை அவர் செய்வார். வெறுங்கையால் அவ்வுடலை எவரும் தொடலாகாது.