உண்மை ராக்கெட்டும் ஒப்பனை ராக்கெட்டும்

1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் மாலை, கேரளக் கடற்கரையில் தும்பா என்னும் மீனவர் சிற்றூரிலிருந்து நம் நாட்டு விண்வெளி ஆய்வின் முதல் ராக்கெட் வானில் எழுந்தது. அதற்கு இரண்டே நாட்கள் கழித்து, 23ஆம் நாள், இலண்டனிலிருந்து பி.பி.சி. நிறுவனம் 'டாக்டர் ஹூ' என்ற தொலைக்காட்சித் தொடரின் முதல் பகுதியை ஒளிபரப்பியது. காலத்தையும் விண்வெளியையும் கடந்து பயணம் செய்யும் ஒருவரைப் பற்றிய கற்பனைக் கதை அது. அதே ஆண்டு ஏப்ரலில் நம் தமிழ்நாட்டில் 'கலை அரசி' திரைப்படம் வெளிவந்திருந்தது. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த அப்படத்தில், அறிவியலில் வளர்ந்து கலையில் பின்தங்கிப்போன வேறொரு கோளிலிருந்து ஆட்கள் பறக்கும் கலத்தில் வந்து, பாட்டும் நடனமும் கற்பிப்பதற்காகக் கதாநாயகியைத் தூக்கிச் செல்கிறார்கள். மனிதன் நிலவில் கால் வைக்க இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன!

உண்மை ராக்கெட் ஒன்று. ஒப்பனைக் கலங்கள் இரண்டு. இவற்றுள் அருங்காட்சியகத்தில் வைக்கத் தக்கது எது? 'இது என்ன கேள்வி, உண்மையானதுதான்' என்று உடனே சொல்லத் தோன்றும். நாங்களும் அப்படித்தான் சொன்னோம். ஆனால் எங்கள் கல்விச் சுற்றுலாவுக்குப் பிறகு இக்கேள்வி பத்தாம் வகுப்பையே இரண்டு கட்சிகளாகப் பிரித்துவிட்டது. ஒரு வாரம் மதிய உணவு நேரமெல்லாம் இதே பேச்சு. படித்தவற்றையும் வாதிட்டவற்றையும் இங்கே தருகிறோம்.

பசுமலையிலிருந்து தெற்கே திருநெல்வேலி, நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் சென்றோம். நகரை அடுத்துள்ள தும்பாவில் விண்வெளி அருங்காட்சியகம் இருக்கிறது. வாசலில் நின்றதும் எங்களுள் பலர் தம்மையறியாமல் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டோம். ஏனெனில் அக்கட்டடம் ஒரு தேவாலயம். புனித மகதலேன் மரியாள் ஆலயம். பூமியின் காந்த நடுக்கோடு அவ்வூருக்கு மிக அருகில் செல்கிறது. அதற்கு மேலுள்ள உயர் வளிமண்டலத்தை ஆராய ராக்கெட் ஏவுதளம் ஒன்று தேவைப்பட்டது. டாக்டர் விக்ரம் சாராபாய் இடம் கேட்டு ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா அவர்களிடம் வந்தார். ஆயர் அவர்கள் ஞாயிறு திருப்பலிக்கு வந்த மக்களிடமே அதை எடுத்துச் சொல்லிச் சம்மதம் கேட்டார். மக்களும் இணங்கினர். மீனவக் குடும்பங்கள் வீடுகளைவிட்டு வேறிடம் சென்றன. பள்ளித்துறையில் அவர்களுக்குப் புதிய ஆலயம் எழுந்தது. பழைய ஆலயம் விஞ்ஞானிகளின் அலுவலகமாயிற்று. நம் இராமேசுவரத்து அப்துல் கலாம் அவர்கள் இளம் பொறியாளராக வேலை பார்த்த இடம் இதுதான்.

அந்த முதல் ராக்கெட் அமெரிக்கா தந்த 'நைக்கி அப்பாச்சி'. ஏவும் நாளில் பளுதூக்கியில் எண்ணெய் கசிந்துவிடவே, ஆட்களே சேர்ந்து அதை நிறுத்தினார்களாம். ராக்கெட்டின் பாகத்தைச் சைக்கிளின் பின்னிருக்கையில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் புகைப்படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 1981இல் 'ஆப்பிள்' செயற்கைக்கோளை மாட்டு வண்டியில் ஏற்றியதும் உலகறிந்த செய்தி. ஆனால் அது ஏழ்மையால் மட்டும் அன்று. இரும்பு வண்டியின் குறுக்கீடு இல்லாமல் அதன் அலைவாங்கியைச் சோதிக்க மர வண்டிதான் வசதியாயிருந்தது.

உள்ளே ராக்கெட்டுகளையும் செயற்கைக்கோள்களையும் பார்த்துக்கொண்டே வந்தபோதுதான் எங்கள் தோழி ஒருத்தி அந்த வம்பைத் தொடங்கினாள். "ஏன்டீ, ஆரியபட்டா 1975இல் மேலே போய்விட்டதே! பிறகு இங்கே இருப்பது எது?"

உண்மைதான். வானுக்குச் சென்ற ஆரியபட்டா 1992இல் காற்று மண்டலத்துள் நுழைந்து அழிந்துவிட்டது. ஏவப்பட்ட ஆய்வு ராக்கெட்டுகள் கடலில் விழுந்துவிட்டன. பறந்தது திரும்புவதில்லை, ஆகவே அருங்காட்சியகத்தில் பெரும்பாலும் நாம் காண்பது மாதிரிதான். அப்படியானால் தொலைக்காட்சிக்காகச் செய்த மாதிரியையும் பக்கத்தில் வைத்தால் என்ன என்றது ஒரு கட்சி. "ஓர் ஊரே தன் கோயிலைக் கொடுத்து எழுப்பிய ராக்கெட்டுக்குப் பக்கத்தில் பொம்மையை வைப்பதா?" என்று கொதித்தது மறுகட்சி. கொதித்தவர்களே அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பள்ளிக்குத் திரும்பியதும் அறிவியல் சிஸ்டரிடம் முறையிட்டோம். அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. "வாஷிங்டனில் இப்படி ஒன்றை உண்மையாகவே வைத்திருக்கிறார்கள். எப்படி வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்று படித்து வாருங்கள்" என்று நூலகத்துக்கு அனுப்பிவிட்டார்.

அமெரிக்கத் தலைநகரிலுள்ள தேசிய விமான விண்வெளி அருங்காட்சியகத்தில் 'எண்டர்பிரைஸ்' என்னும் விண்கப்பல் இருக்கிறது. 1966 செப்டம்பரில் தொடங்கிய 'ஸ்டார் டிரெக்' தொலைக்காட்சித் தொடரில் விண்மீன்களிடையே உலா வந்த கப்பல் அது. அதன் நீளம் 11 அடிதான், அதாவது ஏறக்குறைய மூன்றரை மீட்டர். பெரும்பகுதி மரம், பிளாஸ்டிக்கும் உலோகமும் கொஞ்சம். தச்சுப் பட்டறையில் பிறந்த விண்கப்பல் எனலாம். உள்ளே விளக்குகளும் அவற்றுக்கு மின்சாரம் தரும் கம்பிகளும் உண்டு. அக்கம்பிகள் இடப்பக்கமாக வெளியே வந்ததால், படக் கருவி எப்போதும் வலப்பக்கத்தையே பார்த்தது. எனவே இடப்பக்கத்துக்கு முழு வேலைப்பாடும் செய்யவில்லை. கோடிக்கணக்கானவர் கண்ட கப்பலுக்கு ஒரு பக்கந்தான் முழுமை! நம் ஊர்த் திருவிழா நாடகங்களில் வரையப்பட்ட 'சீன்' படுதாவின் பின்புறம் வெறும் துணியாக இருக்குமே, அதுதான் எங்கள் நினைவுக்கு வந்தது.

இக்கப்பலை 1974இல் படநிறுவனம் அருங்காட்சியகத்துக்கு அளித்தது. சில காலம் அதை அங்குள்ள நினைவுப்பொருள் கடையில்தான் வைத்திருந்தார்கள். எங்கள் மறுகட்சியார் இதைப் படித்ததும் "அதுதான் அதற்குச் சரியான இடம்" என்று கைதட்டினார்கள். ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. 2014இல் அதை எடுத்து, நோயாளிக்கு எடுப்பதுபோல் எக்ஸ்-ரே எடுத்து, உள்ளே எது எப்படிப் பொருத்தப்பட்டது என்று ஆராய்ந்து பழுது பார்த்தனர். மேற்புறத்தில் தட்டுப் போன்ற பகுதியில் 1960களின் பழைய வர்ணம் அப்படியே இருந்தது. அதை மட்டும் தொடாமல் விட்டுவிட்டனர். 2016இல் அது அருங்காட்சியகத்தின் முதன்மைக் கூடத்துக்கு வந்தது. நிலவில் இறங்கும் அப்பல்லோ கலமும், அட்லாண்டிக்கைத் தனியே கடந்த லிண்ட்பெர்க்கின் விமானமும் இருக்கும் கூடம் அது!

இதற்கு முன்பே, 1992இல், அதே அருங்காட்சியகம் 'ஸ்டார் டிரெக்' தொடரின் உடைகள், கைக்கருவிகள், கலங்களின் மாதிரிகள் ஆகியவற்றைக் கொண்டு ஒரு தனிக் கண்காட்சியே நடத்தியது. வெறும் வேடிக்கைப் பொருள்களாக அவற்றை அடுக்கிவைக்கவில்லை. வியட்நாம் போர், நிறவேற்றுமை, வல்லரசுகளின் பகை என்று 1960களில் நேராகப் பேசத் தயங்கிய செய்திகளை அத்தொடர் வேற்றுக் கோள் கதைகளாக எங்ஙனம் பேசியது என்பதையும் விளக்கியிருந்தார்கள். இலண்டனில் இன்னும் முன்னதாக, 1972 டிசம்பரில், அறிவியல் அருங்காட்சியகத்தில் பி.பி.சி.யின் தந்திரக் காட்சிக் கலை பற்றிய கண்காட்சி திறக்கப்பட்டது. 'டாக்டர் ஹூ' பொருள்களும் அதில் இடம்பெற்றன.

'டாக்டர் ஹூ'வில் வரும் 'டாலெக்' என்னும் இயந்திரப் பகைவர்களைப் பற்றிப் படித்தபோது நாங்கள் நூலகத்தில் இருப்பதையே மறந்து சிரித்துவிட்டோம். வடிவமைத்தவர் ரேமண்ட் கியூசிக். வேடமிட்ட மனிதன் என்றால் கால்கள் காட்டிக் கொடுத்துவிடும் அல்லவா? ஆகவே கால்களே தெரியாதபடி கூடு ஒன்று செய்து, நடிகரை உள்ளே உட்கார வைத்துக் காலால் உந்தித் தள்ளச் செய்தார். அதன் பயங்கரமான கை எது தெரியுமா? அடைத்துக்கொண்ட தொட்டியை அழுத்தித் திறக்கும் ரப்பர்க் குமிழ்! தும்பாவில் சைக்கிள், இலண்டனில் ரப்பர்க் குமிழ். கைக்குக் கிடைத்ததை வைத்து வேலையை முடிப்பதில் மெய்யானவர்களும் ஒப்பனையாளர்களும் ஒரே சாதியார் என்று எங்களுக்குப் பட்டது.

உடைகளைப் பற்றிய வாதம் இதைவிடக் கடுமையாக நடந்தது. மதுரையில் பிறந்தவர்களுக்கு 'அருங்காட்சியகத்தில் உடை' என்றால் ஒன்றே ஒன்றுதான். தமுக்கத்தில், இராணி மங்கம்மாளின் அரண்மனையில், 1959இல் நேரு அவர்கள் திறந்துவைத்த காந்தி அருங்காட்சியகத்தில், காந்தியடிகள் சுடப்பட்டபோது அணிந்திருந்த இரத்தக்கறை படிந்த துணி இருக்கிறது. 1921 செப்டம்பரில் மேலமாசி வீதி வீட்டில் தங்கியிருந்தபோதுதான் அவர் மேலாடையையும் தலைப்பாகையையும் களைந்து ஏழைகளின் உடையை ஏற்றார். எனவே உடை என்பது எத்தனை பெரிய சொல் என்று இவ்வூரில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. "அந்தத் துணி இருக்கும் ஊரில் நடிகையின் சட்டையை அருங்காட்சியகப் பொருள் என்பீர்களா?" என்று மறுகட்சித் தலைவி கேட்டபோது நாங்கள் எல்லோரும் சிறிது நேரம் வாயடைத்துப் போனோம்.

அப்போதுதான் ஒரு சிவப்பு உடையின் வரலாறு கிடைத்தது. 'ஸ்டார் டிரெக்'கில் செய்தித் தொடர்பு அதிகாரி உகுராவாக நடித்தவர் நிசெல் நிக்கோல்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி. வீட்டு வேலைக்காரி வேடம் தவிர வேறு வேடம் அவ்வினப் பெண்களுக்கு எளிதில் கிடைக்காத காலத்தில், அவர் கப்பலின் மேல்தளத்தில் அதிகாரியாக அமர்ந்தார். முதல் ஆண்டு முடிவில் அவர் விலகிவிட நினைத்தார். தடுத்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? டாக்டர் மார்ட்டின் லூதர் கிங்! 1959இல் நம் நாட்டுக்கு வந்து காந்தியடிகளின் வழியைப் பயின்று சென்ற அதே கிங் அவர்கள்தாம். அவ்விருக்கையில் அவர் தொடர்ந்து அமர்ந்திருப்பது எத்தனை முக்கியம் என்று எடுத்துச் சொல்லித் தங்கவைத்தார். பின்னர் 1970களின் இறுதியில் பெண்களையும் சிறுபான்மை இனத்தவரையும் விண்வெளிப் பணிக்குச் சேர்க்க நாசாவுக்காக ஊர் ஊராகச் சென்று அழைப்பு விடுத்தார் நிக்கோல்ஸ். சிறுமியாக அவரைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்த மே ஜெமிசன், 1992 செப்டம்பரில் விண்வெளிக்குச் சென்ற முதல் கறுப்பினப் பெண்ணானார். வாஷிங்டனில் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் 2023இல் தொடங்கிய ஒரு கண்காட்சியில் நிக்கோல்ஸ் அணிந்த அந்தச் சிவப்பு உடை வைக்கப்பட்டது.

காந்தியடிகளின் துணியோடு அதை ஒப்பிடக் கூடாது; ஒப்பிடவும் மாட்டோம். ஆனால் 'வெறும் நடிகையின் சட்டை' என்று அதற்குப் பிறகு எங்கள் வகுப்பில் யாரும் சொல்லவில்லை. மறுகட்சித் தலைவி மட்டும், "அந்தக் கப்பல் பொய்யாகவே இருக்கட்டும், அதில் உட்கார்ந்திருந்தவர் உண்மை. உடைக்கு இடம் கொடுக்கிறேன், மரக் கப்பலுக்குக் கொடுக்க மாட்டேன்" என்று பாதி வழிக்கு வந்தாள். 1976இல் அமெரிக்காவின் முதல் விண்ஓடத்துக்கு, தொடரின் இரசிகர்கள் எழுதிக் குவித்த கடிதங்களால் 'எண்டர்பிரைஸ்' என்றே பெயர் வைக்கப்பட்டதைக் காட்டினோம். "அந்த ஓடம் சோதனைக்காகப் பறந்ததுதானே, விண்வெளிக்குப் போகவேயில்லையே!" என்று அவளும் படித்துவிட்டு வந்து மடக்கினாள். அதுவும் சரிதான்.

நம் தமிழுக்கு வருவோம். சுஜாதா அவர்களின் 'என் இனிய இயந்திரா' தூர்தர்ஷனில் தொடராக வந்தது. 2021ஆம் ஆண்டில் நடப்பதாக எழுதப்பட்ட அக்கதையில் ஜீனோ என்னும் இயந்திர நாய் பேசும், புத்தகம் படிக்கும். அந்த 2021 வந்து, போயும் விட்டது. நாட்டை ஆளும் ஜீவா என்பவரே வெறும் ஒளி உருவம் என்பது கதையின் இரகசியம்; ஆக அங்கே ஆட்சியாளரும் ஓர் ஒப்பனைப் பொருள்தான்! 2010இல் வந்த 'எந்திரன்' படத்துக்கு இயந்திர மனித உருவங்களை அமெரிக்காவில் செய்வித்தார்கள். நாடகக் கம்பெனிகளின் ஊரான மதுரையில் கிரீடமும் வாளும் அட்டையிலும் ஜிகினாவிலும் செய்த கைகள் எத்தனையோ. அவர்கள் சொல்லும் 'ப்ராப்பர்ட்டி' என்ற சொல்லுக்குச் சொத்து என்றே பொருள். ஆட்டம் முடிந்த பின்னும் சொத்தாகவே காத்தால்தான் பின்வருவோர் காண முடியும். சென்னை வடபழனியில் ஏ.வி.எம். படப்பிடிப்பு நிலையத்தில் 2023 மே மாதம் முதலமைச்சர் திறந்துவைத்த பாரம்பரிய அருங்காட்சியகத்தில் பழைய கார்களும் படப்பிடிப்புக் கருவிகளும் பாதுகாக்கப்படுகின்றன. அடுத்த சுற்றுலா அங்கே என்று சிஸ்டரிடம் இப்போதே விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். பெற்றோர்களும் ஆதரிக்க வேண்டுகிறோம்.

இவ்வாண்டு எங்கள் தமிழ் மன்ற விழாவில் விண்வெளி நாடகம் ஒன்று நடித்தோம். அதற்காகப் பிஸ்கட் டின், சாக்லேட் தாள், பழைய சைக்கிள் மணி இவற்றைக் கொண்டு இயந்திர நாய் ஒன்று செய்தோம். விழா முடிந்ததும் குப்பைக்குப் போகவிருந்த அதை மறுகட்சித் தலைவிதான் தூக்கி வந்து அறிவியல் கூடத்தில், சூரியக் குடும்ப மாதிரிக்கும் எலும்புக்கூட்டுக்கும் நடுவில் வைத்தாள். கீழே ஒட்டியுள்ள சீட்டில் செய்த பதினொரு பேரின் பெயர்களும், செய்த ஆண்டும், 'பார்வையாளர் பக்கம் மட்டும் வர்ணம் பூசப்பட்டது' என்ற குறிப்பும் இருக்கின்றன.