பவர் டில்லருக்குக் குறைந்த செலவில் டிரெய்லர்

ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் இடுங்கள் என்று நாங்கள் எளிதாக எழுதிவிடுகிறோம். சுமப்பவர் நீங்கள். கூடைக்கு 25 கிலோ என்றால் 200 நடை. காரைக்குடிப் பக்கம் நேமத்தான்பட்டி போன்ற ஊர்களில் எருக்குழி வீட்டுக் கொல்லையிலும் வயல் கண்மாய்க்கு அப்பாலும் இருந்தால், எரு குழியிலேயே கிடப்பதில் வியப்பில்லை. வண்டி மாடும் குறைந்துவிட்டது. 12 குதிரைத் திறன் பவர் டில்லர் உங்களிடம் இருந்தால், அரை டன் ஏற்றும் டிரெய்லர் ஒன்றை உள்ளூர் வெல்டிங் பட்டறையிலேயே செய்து கொள்ளலாம். பத்தே நடையில் வேலை முடியும்.

பழைய அம்பாசிடர் காரின் பின் அச்சைச் சக்கரம், வில்பட்டை, பிரேக் டிரம் ஆகியவற்றோடு வாங்குங்கள். சட்டத்திற்கு 50 x 50 x 6 மில்லி மீட்டர் ஆங்கிள் இரும்பு போதும். நீளம் 6 அடி, அகலம் 3½ அடி. இரு நீளத் துண்டுகளும் நான்கு குறுக்குத் துண்டுகளுமாகச் சுமார் 8 மீட்டர், 36 கிலோ எடை வரும். இழுவைக் கம்பிக்குச் சானல் இரும்பு வேண்டும். அதை முன் சட்டத்தோடு நிறுத்திப் பற்றவைத்தால் மேடு பள்ளத்தில் பற்று விட்டுப் போகும். அடியில் அச்சு வரை கொண்டு செல்லுங்கள். பலகைக்கு வேம்பு போதும். செட்டிநாட்டுப் பழைய வீட்டுத் தேக்கு கிடைக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம். எரு அள்ள அது எதற்கு?

அச்சை நடுவில் வைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. மேடேறும்போது பாரம் பின்னுக்குச் சாய்ந்து டில்லரின் பின்புறத்தைத் தூக்கிவிடும். முன் விளிம்பிலிருந்து 44 அங்குலத்தில் அச்சை அமையுங்கள். இழுவைக் கம்பி முன்னே 40 அங்குலம் நீளட்டும். 500 கிலோவைச் சமமாகப் பரப்பினால் கொக்கியில் 48 கிலோ அளவு கனம் விழும். கழற்றித் தூக்கிப் பாருங்கள்; ஒரு சிமெண்டு மூட்டை கனம் இருந்தால் சரி.

பிரேக் இல்லாமல் வண்டியை ஓட்டவே கூடாது. காரின் கைப்பிரேக் நெம்புகோலை ஒரு கம்பியால் இருக்கையருகில் உள்ள மிதிகட்டையோடு இணைத்துவிட்டால் எண்ணெய்க் குழாய் வேண்டியதில்லை.

கண்மாய்க் கரைச் சரிவில் இறங்கும்போது கவனம் தேவை. சமதரையில் இடது கிளட்சைப் பிடித்தால் டில்லர் இடப்புறம் திரும்பும். இறக்கத்தில் பாரம் பின்னிருந்து தள்ளுவதால் அதே கிளட்ச் வலப்புறம் திருப்பிவிடும்! கரையிலிருந்து உருண்டு உயிருக்கே ஆபத்தாகலாம். மேட்டிலேயே முதல் கியருக்கு மாற்றி, கிளட்சைத் தொடாமல், கைப்பிடியைத் தள்ளித் திருப்பி, மிதிகட்டையை மெல்ல அழுத்தி இறங்குங்கள்.

பாரத்தின் மேல் ஆளை ஏற்றாதீர்கள். இது வயல் பாதைக்கான வண்டி. தார்ச்சாலைக்குக் கொண்டு செல்வதானால் முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக் கொள்ளுங்கள். பின்பலகையில் சிவப்பு ஒளிர்வில்லை இரண்டு பொருத்தி, எருத் தூசி படியாமல் அவ்வப்போது துடைத்து வாருங்கள்.