பால் வியாபாரமும் பந்துக்களும்

இரண்டொரு கறவை மாடுகள் வைத்திருக்கும் குடியானவருக்குப் பெரும்பாலும் சிற்றப்பன், மைத்துனன் வீடுகளே முதல் வாடிக்கை. நாள்தோறும் அரை லிட்டர் பற்றெழுதாமற் போனால் மாதத்திற்கு 15 லிட்டர். 5 லிட்டர் கறக்கும் பசுவின் மூன்று நாட் பால் அது. பிண்ணாக்குக் கடைக்காரரோ உறவு பார்ப்பதில்லை. ஆகவே ஊர் விலையையே வைத்து, அன்றன்றே கணக்கெழுதி, மாதந்தோறும் வசூலிக்க வேண்டும். கலியாணத்திற்கு இனாமாகப் பால் அனுப்பலாம், விலையைக் குறைக்கலாகாது. தவணை குறியாத பாக்கிக்கு, 1963ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டப்படி, பால் கொடுத்த நாளிலிருந்து 3 வருஷமே கெடு. (பந்துக்கள்மேல் வழக்காடுவோர் யார் என்பது வேறு விஷயம்!)

கறவைக்கு அமர்த்தும் மருமகன் விஷயம் இதனினும் கடினம். சாப்பாடு போடுகிறோமே என்று சம்பளம் பேசாது விட்டால், அவன் நேரந்தவறி வந்தாலும் கண்டிக்க நா எழாது. நேரம் மாறினால் பசு பாலை முழுதும் விடாது. மடியில் மிஞ்சிய பால் மடிவீக்க நோய்க்கும் இடமாகும். கூலியையும் கறவை நேரத்தையும் முதல் நாளே, அவன் தாயாரின் முன்னிலையில் பேசிக்கொள்க.